கோழிக்கு முட்டைப் பெட்டி: வீட்டில் கிடக்கும் பழைய சாமானில் எதை எடுப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒரு வீடு. ஒன்பது ஊர்க்கோழிப் பேடு, ஒரு சேவல். காலையில் திறந்துவிட்டால் விறகு அடுக்குக்குள்ளும் வைக்கோல் போருக்கு அடியிலும் போய் முட்டையிடுகின்றன. பாதியைக் கீரி கொண்டுபோகிறது. பலகை வாங்கிப் பெட்டி அடிக்க இப்போது வசதியில்லை. வீட்டில் 20 லீற்றர் பெயின்ற் வாளி மூன்று, மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி இரண்டு, பழைய ரயர் ஒன்று கிடக்கின்றன. பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் வைக்கோல் போட்டு வைத்தும் ஒரு கோழிகூட ஏறவில்லை. என்ன செய்யலாம்?

ஏறவில்லை என்று சொன்னீர்களே தங்கச்சி, அதிலிருந்தே தொடங்குவோம். கோழி தேடிப்போன விறகு அடுக்கை ஒருமுறை குனிந்து பாருங்கள். உள்ளே அரை இருட்டு. முதுகுப் பக்கம் அடைப்பு. போகவும் வரவும் ஒரே வழி. மேலே மறைப்பு. காலால் கிளறிக் குழியாக்கக்கூடிய காய்ந்த தூள் அடியில். நீங்கள் வைத்த மரக்கறிப் பெட்டியில் நாலு பக்கமும் ஓட்டை, மேலே வானம். வைக்கோல் போட்டாலும் கோழிக்கு அது நடுத்தெருதான். பெட்டி எதில் செய்தது என்று கோழி பார்ப்பதில்லை, அது மறைவிடமா என்றுதான் பார்க்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் உங்களிடம் இருக்கும் சாமானே போதும். காசு கொடுத்து வாங்க வேண்டியது கொஞ்சம் ஆணியும் கட்டுக்கம்பியும் மட்டும்.

முதலில் கணக்கு. நாலு பேட்டுக்கு ஒரு பெட்டி போதும். ஒன்பதுக்கு மூன்று வையுங்கள். மூன்று வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டியில் இடிபடும், ஒன்று உள்ளே இருக்க இன்னொன்று வாசலில் நின்று கத்தும். அது கோழியின் குணம், உங்கள் பிழையில்லை. ஆனால் ஒரே பெட்டி மட்டும் இருந்தால் இரண்டு கோழி ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டையை உடைக்கும். உடைந்த முட்டையை ஒருமுறை ருசி பார்த்த கோழியைத் திருத்துவது பெரும்பாடு.

அளவு: ஊர்க்கோழிக்கு அகலம், ஆழம் இரண்டும் 12 அங்குலம். பாம் கோழி, ரோட் ஐலண்ட் போன்ற கனத்த இனமென்றால் 14 அங்குலம். இதைவிடப் பெரிதாகச் செய்தால் இரண்டு கோழி சேர்ந்து புகும். முன் விளிம்பு 4 முதல் 5 அங்குலம் உயர வேண்டும். இல்லாவிட்டால் கிளறும்போது வைக்கோலும் முட்டையும் வெளியே வரும். பெட்டியின் தரை நிலத்திலிருந்து 18 முதல் 24 அங்குல உயரத்தில் இருக்கட்டும். இரவில் ஏறி அடையும் தடி, பெட்டியைவிடக் குறைந்தது ஒரு அடி மேலே இருக்க வேண்டும். இந்த ஒன்றில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கோழி எப்போதும் இருப்பதில் உயரமான இடத்தில்தான் உறங்கும். பெட்டி உயரமாகவும் தடி பதிவாகவும் இருந்தால் பெட்டிக்குள் படுத்து இரவெல்லாம் எச்சமிடும், மறுநாள் முட்டை அந்த எச்சத்தில் கிடக்கும். "கோழி கூட்டை அசிங்கமாக்குது" என்று வருகிற முறைப்பாடுகளில் முக்கால்வாசி தடியை உயர்த்திக் கட்டினாலே தீர்ந்துவிடும்.

இனி உங்கள் சாமான். மூன்று வாளியும் தினசரி முட்டைப் பெட்டியாகட்டும். மரக்கறிப் பெட்டி ஒன்று அடை வைக்க. மற்றது அடைக்கோழியின் அடையைத் தெளிவிக்க. ரயருக்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பெயின்ற் வாளி எமல்ஷன் பெயின்ற் வந்ததா, இனாமல் வந்ததா என்று முதலில் பாருங்கள். எமல்ஷன் தண்ணீரில் கரைகிற பெயின்ற். காய்ந்ததும் தோல்போல உரிந்து வரும், சவர்க்காரம் போட்டுக் கழுவி, வாயைத் திறந்து மூன்று நாலு நாள் வெயிலில் வைத்தால் மணம் போய்விடும். இனாமலும் தின்னரும் இருந்த வாளி வேண்டாம். 20 லீற்றர் வாளியின் வாய் ஏறக்குறைய 12 அங்குலம், ஆழம் 14 அங்குலத்துக்குக் கிட்ட வரும். படுக்க வைத்தால் ஊர்க்கோழிக்கு அளந்து செய்ததுபோல இருக்கும்.

கைப்பிடிக் கம்பியைக் கழற்றுங்கள். அதில் கோழியின் கால் மாட்டும். கம்பியை எறிய வேண்டாம், பிறகு கட்ட உதவும். மூடியை எடுத்து ஒரு ஓரத்திலிருந்து நாலரை அங்குலம் அளந்து நேர்கோடு போட்டு, ஹக்சோ பிளேட்டால் அறுங்கள். சின்னத் துண்டுதான் உங்களுக்கு வேண்டியது. அதை வாளியின் வாயில் பழையபடி அழுத்திப் பூட்டினால் முன் விளிம்பு தயார். அறுத்த ஓரம் கூராக இருக்கும், கோழி உள்ளே இறங்கும்போது நெஞ்சைக் கீறும். தண்ணீர் பாய்ச்சும் பழைய ஹோஸ் பைப்பில் ஒரு துண்டெடுத்து, நீளவாக்கில் பிளந்து அந்த ஓரத்தில் செருகி, இரண்டு இடத்தில் துளையிட்டுக் கம்பியால் கட்டிவிடுங்கள்.

துளை போட நாலு அங்குல ஆணியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிக் குறட்டால் பிடித்துக் குத்துங்கள். இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், பிளாஸ்டிக் புகை நல்லதில்லை. படுக்க வைத்தால் கீழே வரும் பக்கத்தில் ஆறு துளை, ஈரம் வடிய. பின்பக்கத்தின் மேல் ஓரத்தில் எட்டுத் துளை, சூடு வெளியேற. கீழ்த்துளை இல்லாத வாளியில் கோழியின் உடம்புச் சூட்டுக்கு அடியில் வியர்த்து வைக்கோல் பூஞ்சணம் பிடிக்கும். மேல்துளை இல்லாவிட்டால் சித்திரை, வைகாசி மத்தியான வெயிலில் உள்ளே ஒரு கோழியும் தாக்குப்பிடிக்காது.

வாளி உருளாமல் வைப்பதில்தான் வேலை. 40 அங்குல நீளம், 14 அங்குல அகலத்தில் ஒரு தட்டு வேண்டும். பழைய கதவுப் பலகை, உடைந்த வாங்கின் பலகை எதுவும் ஆகும். 2 அங்குலச் சதுரச் சட்டத்தில் 13 அங்குல நீளமாக ஆறு துண்டு வெட்டுங்கள். ஒரு வாளிக்கு இரண்டு துண்டு, இரண்டுக்கும் நடுவே முன்பக்கம் 9 அங்குல இடைவெளி. வாளியின் அடிப்பக்கம் ஒடுங்கியிருப்பதால் பின்பக்கம் 8 அங்குலம். இந்த இடைவெளியில் வாளியை இறக்கினால் அடி தட்டில் முட்டும், இரண்டு பக்கமும் சட்டம் தாங்கும். ஒரு வாளியின் நடுவிலிருந்து அடுத்த வாளியின் நடுவுக்கு 13 அங்குலம் விடுங்கள். வாய்ப்பக்கம் தட்டை அரை அங்குலம் உயர்த்தி வைத்தால் முட்டை பின்னுக்கு உருண்டு இருட்டில் கிடக்கும், காகத்துக்குத் தெரியாது. கழற்றிய கைப்பிடிக் கம்பியால் வாளியைத் தட்டோடு கட்டுங்கள், ஆணி அடித்து இறுக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவிழ்த்துக் கழுவ வேண்டுமே.

வளைந்த அடியில் வைக்கோல் கொஞ்சமாகப் போட்டால் கோழி உட்கார இடம் இராது. 3 அங்குலத்துக்கு நிரப்பினால்தான் மேலே 10 அங்குல அகலம் கிடைக்கும். நாலரை அங்குல விளிம்பு சொன்னது அதற்காகத்தான். வாசலுக்கு 6 அங்குலம் முன்னால் ஒரு தடி கட்டுங்கள், ஒன்றரை அங்குலத் தடிப்பில். கோழி பறந்து நேரே உள்ளே விழாமல் அதில் நின்று எட்டிப் பார்த்துப் போகும். முட்டை உடைவது பாதி குறையும்.

மேலே கூரை. வாளியின் முதுகு வளைவாக இருந்தாலும் கோழி அதில் ஏறி நிற்கும். பழைய தகரத் துண்டு ஒன்றைப் பின்னால் உயர்த்தி முன்னால் தாழ்த்தி 45 பாகைக்குச் சரித்துக் கட்டுங்கள், கால் வழுக்கும். தேர்தல் முடிந்து தெருவில் கிடக்கும் பிளெக்ஸ் பதாகையும் இதற்கு நல்லது, சிரிக்கும் முகம் உள்பக்கம் வருகிற மாதிரி. தகரமென்றால் மேலே ஒரு கிடுகு போடாமல் விடாதீர்கள். வெறும் தகரத்தின் கீழே வெக்கை தாங்காது.

வாளி கிடைக்காதவர்களுக்குப் பலட் பலகை, சாமான் அடுக்கி ஏற்றும் மரத்தட்டின் பலகை. கடைக்குச் சாமான் வந்திறங்கிய பலட் இரண்டு இருந்தால் மூன்று அறை வரிசை அடிக்கலாம். முத்திரையைப் பாருங்கள். எச்.ரி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்திய மரம், எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் புகையூட்டியது, விட்டுவிடுங்கள். எண்ணெயோ மருந்தோ சிந்திய கறை இருந்தாலும் வேண்டாம். முக்கால் அங்குலப் பலகையில் அளவு இப்படி வரும்: அடித்தட்டு 39 அங்குல நீளம், 13 அங்குல ஆழம். இரண்டு பக்கப் பலகை, முன்னால் 14 அங்குலமும் பின்னால் 27 அங்குலமும் உயரம். நடுத்தடுப்பு இரண்டு, 14 அங்குல உயரம். முன் விளிம்பு 5 அங்குலம். கூரைத் தகடு 42 அங்குல நீளம், 21 அங்குல அகலம், முன்னுக்கு இரண்டரை அங்குலம் நீண்டு நிற்கும். முதுகுக்குப் பலகை போதாவிட்டால் சுவரோடு சேர்த்து நிறுத்துங்கள். அல்லது தடித்த சாக்கு அடித்துவிட்டாலும் சரி. பலட்டைக் கழற்றும்போது வளைந்து நிற்கும் ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். பழைய அலுமாரியின் அமுக்குப் பலகை, மரத்தூளை ஒட்டி அமுக்கியது, இதைவிட எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஒரு மாரி மழைக்கே உப்பிப் பிரிந்துவிடும், கூரைக்குள் வைப்பதானால் மட்டும் எடுங்கள்.

தொடவே கூடாதவை சில. வயல் ஊரில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிக் கான் எந்த வேலியோரத்திலும் கிடைக்கும், வெட்டிக் கழுவினால் நல்ல பெட்டிபோலத் தெரியும். எத்தனை முறை கழுவினாலும் அதைக் கோழிக்கு வைக்காதீர்கள். மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஊறியிருக்கும், அதன்மேல் மணிக்கணக்காகச் சூட்டோடு உட்காருவது நீங்கள் தின்னப்போகிற முட்டையிடும் கோழி. பற்றரி அசிட் கானும் அப்படித்தான். கல்முனையிலும் வாழைச்சேனையிலும் மீன் ஏற்றி முடிந்த ரெஜிபோம் பெட்டி சும்மா கிடைக்கும், சூட்டையும் தடுக்கும். ஆனால் கோழிக்கு அந்த வெள்ளைக் குருணையைக் கொத்தித் தின்பதில் அலாதி ஆசை, இரண்டு கிழமையில் பெட்டியில் பாதி வயிற்றுக்குள் போய்விடும். அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டிப் பக்கம் அடைக்க வேண்டாம், அறுக்கும்போது பறக்கும் தூசி சுவாசப்பைக்குக் கேடு. பாமில் பாவித்து எறிந்த முட்டை மட்டை, குஞ்சுப் பெட்டி இரண்டையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். ராணிக்கெட் போன்ற நோய் அதிலேறி வரும், மட்டையைக் கழுவித் தொற்று நீக்கவும் முடியாது.

பழைய மீன் வலையைப் பற்றியும் ஒரு சொல். வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையில் கோழிக் கூட்டுக்கு வலை கட்டாத வீடு குறைவு. காகத்துக்கு அது சரி. கீரிக்குச் சரியில்லை, கடித்து வழி எடுக்கும். பெட்டிக்குக் கிட்ட தங்கூசி என்கிற நைலோன் நூல் தொங்கினால் கோழியின் காலில் சுற்றி இறுகி விரல் அழுகும். கூட்டின் வாசலுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள இரும்புக் கம்பி வலைதான் வேண்டும். சாதாரண கோழி வலையின் பெரிய கண்ணுக்குள்ளால் சிறிய சாரை நுழையும். முட்டையை விழுங்கிய பிறகு வெளியே வர முடியாமல் உள்ளேயே சுருண்டு கிடக்கும், காலையில் கை விடுகிறவருக்குத்தான் பயம். முட்டை எடுக்கும் முன் குனிந்து பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். கடல் பக்கமென்றால் உப்புக் காற்றில் சாதாரண ஆணியும் கட்டுக்கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும், மாரிக்கு முன் ஒருதரம் எல்லாக் கட்டையும் இழுத்துப் பாருங்கள்.

பெட்டியின் முகம் எந்தத் திசைக்கு? வாடைக்காற்றோடு வரும் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அனலாக வரும். மேற்கு வெயில் மாலைவரை எரிக்கும். கிழக்கே பார்த்தால் முட்டையிடும் நேரத்தில் சூரியன் நேரே உள்ளே விழும், இருட்டுத் தேடுகிற கோழிக்கு அது பிடிக்காது. மிஞ்சுவது தெற்கு. கொஞ்சம் தென்கிழக்குச் சாய்ந்தாலும் பரவாயில்லை. இடமில்லாவிட்டால் எந்தத் திசைக்கும் வைக்கலாம், வாசலில் சாக்கை இரண்டு அங்குல நாடாவாகக் கிழித்துத் தொங்கவிடுங்கள். முதல் கிழமை பாதி வாசலுக்குத் தொங்கினால் போதும், பழகிய பிறகு முழுதாக விடலாம். தீன் வந்த நைலோன் பையைக் கிழித்துத் தொங்கவிடாதீர்கள். அதன் ஓரம் நூல் நூலாகப் பிரியும், கோழி விழுங்கினால் தொண்டைப்பையில் சுருளாக அடைத்துக்கொள்ளும்.

உள்ளே என்ன போடுவது? அறுவடை முடிந்த ஊரில் வைக்கோலுக்கும் உமிக்கும் பஞ்சமில்லை. உமி மட்டும் போட்டால் கோழி ஒரே கிளறலில் வெளியே தள்ளிவிடும், முட்டை வெறும் பிளாஸ்டிக்கில் விழுந்து கீறும். வைக்கோலை நீளமாகப் போட்டால் காலில் சிக்கி, கோழி எழும்பும்போது முட்டையையும் இழுத்து வரும். அடியில் ஒரு அங்குலம் உமி, மேலே 4 முதல் 6 அங்குலத் துண்டாக வெட்டிய காய்ந்த வைக்கோல் 2 அங்குலம், இதுதான் நம்முடைய பக்கத்துக்கு நல்ல கலவை. தச்சுப் பட்டறைச் சீவல் கிடைத்தால் இன்னும் நல்லது. வாள் தூள் வேண்டாம், மூக்கில் ஏறும். தும்புத் தூள் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், அதையும் விடுங்கள். மாரியில் மழை நனைத்த வைக்கோலைக் காயவைத்துப் போடலாமே என்று தோன்றும். கறுப்புப் புள்ளி விழுந்த வைக்கோலில் பூஞ்சணம் இருக்கும், குஞ்சுக்குச் சுவாச நோயே வரும். அதை மாட்டுக்கும் போடாமல் எருக்குழிக்கு அனுப்புங்கள். கோடையில் இரண்டு கிழமைக்கு ஒருமுறையும் மாரியில் கிழமைக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். மாற்றும்போது அடியில் ஒரு பிடி காய்ந்த விறகுச் சாம்பல், கொஞ்சம் காய்ந்த வேப்பிலை. இரண்டும் பேனை முழுக்கத் தடுக்காது, வருவதைக் குறைக்கும்.

இப்போது கோழியைப் பழக்க வேண்டும். பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விறகு அடுக்கு திறந்து கிடக்கும்வரை அது அங்கேதான் போகும். விறகு இடுக்குகளை முள்ளுக் கொப்பால் அடையுங்கள், வைக்கோல் போரின் அடியில் கல்லை வையுங்கள். பெரும்பாலான முட்டை காலையில்தான் விழும். ஆகவே பத்து நாளைக்குக் காலை 11 மணி வரை கோழியைக் கூட்டுக்குள்ளேயே வைத்து, தீனும் தண்ணீரும் உள்ளேயே கொடுங்கள். அதன் பிறகும் ஒன்றிரண்டு வெளியே இடும், காரணம் உண்டு. ஒரு முட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே 25 மணிநேரத்துக்கு மேல் ஆகும். இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதைத் தாண்டி இடும், நாள் போகப் போகப் பின்தள்ளி மத்தியானத்துக்குப் போய், பிறகு ஒருநாள் விட்டுத் திரும்பக் காலைக்கு வரும். அந்த மத்தியானக் கோழியைக் கண்டுபிடித்து அதைமட்டும் அன்றைக்கு அடைத்து வையுங்கள். முட்டை வருகிற கோழி இரண்டு மூன்று தரம் ஒதுக்குப்புறங்களை எட்டிப் பார்த்துக்கொண்டு ஒருவிதமாக இழுத்துக் கத்தும், பார்த்தாலே தெரியும்.

ஒவ்வொரு வாளிக்குள்ளும் ஒரு பொய் முட்டை வையுங்கள். முட்டை கிடக்கும் இடத்தில்தான் அடுத்த கோழியும் இடும். ஆற்றங்கரையில் கிடைக்கும் வெள்ளை உருண்டைக் கல் போதும். மேசைப்பந்து பாரமில்லாமல் உருளும், சிறு துளை போட்டு மணல் நிரப்பி ஒட்டிவிட்டால் அதுவும் சரி. எரிந்த மின்குமிழ் வைக்கிற வீடுகளும் உண்டு. கண்ணாடி, உடைந்தால் கோழியின் வயிறு கிழியும். செய்யாதீர்கள்.

முட்டையைக் காலை 10 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் எடுங்கள். உங்களிடம் சேவல் இருக்கிறது. கச்சான் அடிக்கும் நாட்களில் பெட்டியிலேயே விட்ட முட்டையில், கோழி அடைக்கு உட்காராமலே, வெக்கைக்குக் கரு வளரத் தொடங்கும். அது குஞ்சாகவும் ஆகாது, இரண்டு மூன்று நாளில் உடைத்துப் பார்த்தால் இரத்தக் கோடு தெரியும்.

தோடு மெல்லிதாக வந்தால் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு முட்டைத் தோட்டுக்கு இரண்டு கிராமளவு சுண்ணாம்புச் சத்து (கல்சியம்) போகிறது. வாவிக்கரையில் ஒதுங்கும் மட்டிச் சிப்பியைக் கழுவிக் காயவைத்து, மிளகு அளவுக்கு இடித்து ஒரு தகரப் பேணியில் தனியாக வையுங்கள். தீனோடு கலக்க வேண்டாம், வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுக்கும், சேவலுக்கு அது தேவையில்லை. முட்டைக் கோதைத் திருப்பிக் கொடுப்பதானால் வறுத்துத் தூளாக்கிக் கொடுங்கள். பாதிக் கோதாகப் போட்டால் முட்டை தின்னப் பழக்கியது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

நன்றாக இட்டுக்கொண்டிருந்த பெட்டியைக் கோழிகள் திடீரென்று எல்லாமாகச் சேர்ந்து விட்டால் இரவில் ரோச் லைற் எடுத்துக்கொண்டு போங்கள். தட்டின் அடிப்பக்கம், சட்டமும் பலகையும் சேரும் இடுக்கு, கட்டுக்கம்பியின் முறுக்கு இவற்றில் ஒரு வெள்ளைத் தாளால் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் இரத்தம் குடிக்கும் பேன்சிலந்தி. பகலில் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் ஏறும் வகையும் உண்டு, பகலில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லக்கூடாது. வைக்கோலை வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். வாளியைக் கொதிநீரால் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள். பலகை இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு தடித்த பதத்தில் பூசி நன்றாகக் காயவிடுங்கள். ஐந்தாறு நாளில் இன்னொருமுறை, ஏனென்றால் முதல் தரம் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். இந்த விசயத்தில் பலகையைவிட பிளாஸ்டிக் வாளி மேல், ஒளிய இடுக்கு இல்லை.

ரயரின் வேலை இங்கேதான் வருகிறது. ரயரை நிலத்தில் போட்டு வைக்கோல் அடைத்து முட்டையிட விடும் வழக்கம் உண்டு, அது நல்ல யோசனையில்லை. உள் வளையத்தில் தண்ணீர் தங்கி டெங்கு நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாத காலத்தில் தேளும் பாம்பும் அந்த வளையத்துக்குள் குடியிருக்கும். அதே ரயரின் வளையத்தில் மண்ணை இறுக்கி அடைத்து, நடுவில் காய்ந்த மணல் மூன்று பங்கு, சாம்பல் ஒரு பங்கு கலந்து நிரப்பி, மழை படாத கூரை இறப்பின் கீழே போடுங்கள். கோழி அதில் புரண்டு மண் குளிக்கும். உடம்புப் பேனுக்கு அதைவிட மலிவான வைத்தியம் இல்லை. அதோடு மண் குளிக்கும் ஆசைக்கு முட்டைப் பெட்டியைக் கிளறுவதும் நிற்கும்.

அடை விசயத்துக்கு வருவோம். ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் பெட்டியைவிட்டு எழும்பாது. ஒன்பது பேட்டில் இரண்டு இப்படிக் கிடந்தால் மூன்று பெட்டியில் ஒன்றுதான் மிச்சம், மற்றக் கோழிகள் மறுபடி விறகுக்குப் போகும். குஞ்சு வேண்டாமென்றால் இரண்டாவது மரக்கறிப் பெட்டியைக் கவிழ்த்து இரண்டு கட்டையின் மேல் வைத்து, கீழே கம்பி வலையோ சலாகைத் தட்டோ போட்டு, கோழியை அதற்குள் விடுங்கள். தீனும் தண்ணீரும் வையுங்கள், வைக்கோல் வைக்காதீர்கள். வயிற்றுக்குக் கீழே காற்று போனால் சூடு இறங்கி மூன்று நாலு நாளில் அடை தெளியும். தண்ணீரில் முக்கி எடுப்பதும் வாலில் துணி கட்டுவதும் கோழியை வதைப்பதுதான்.

குஞ்சு வேண்டுமென்றால் முதல் மரக்கறிப் பெட்டியை நீளப்பக்கம் கீழே வருகிற மாதிரிப் படுக்க வைத்து, மேலும் முதுகும் இரண்டு பக்கமும் சாக்கால் மூடித் தைத்துவிடுங்கள். சாதாரணமாக இந்தப் பெட்டி இரண்டடி அளவு நீளம் வரும், நடுவில் ஒரு பலகைத் துண்டைச் செருகி இரண்டாக்கலாம். ஒன்றில் அடை, மற்றதில் தீனும் தண்ணீரும். கடகமோ உடைந்த பானையின் அடிப்பாதியோ இருந்தால் பெட்டிக்குள் அதை வைத்து அதிலேயே அடை வையுங்கள், குழிவான அடியில் முட்டை நடுவுக்குக் கூடும். பானையில் இரண்டு அங்குலம் ஈரமண், மேலே வைக்கோல். கச்சான் காலத்து வறட்சியில் முட்டைக்குள் இருக்கும் ஈரம் அளவுக்கு மேல் உலர்ந்து குஞ்சு தோட்டோடு ஒட்டிக்கொள்ளும், அந்த ஈரமண் அதற்குத்தான். இடிமுழக்கத்துக்கு முட்டை கெடாமல் ஒரு துண்டு இரும்பும் கரியும் வைப்பார்கள் பெரியவர்கள். வைத்தால் நட்டமில்லை, துருப்பிடித்த ஆணி மட்டும் வேண்டாம். கோழியை மாற்றுவது இரவில். பகலில் மாற்றினால் பழைய வாளிக்கே ஓடும். கோழியின் உடம்புக்கு அளவாக எட்டு முதல் பன்னிரண்டு முட்டை, எல்லாம் ஒரே நாளில் வைக்க வேண்டும். ஏழாம் நாள் இரவில் போனின் ரோச்சில் வைத்துப் பார்த்தால் கரு பிடித்தது சிலந்தி வலைபோல நரம்போடு தெரியும், தெளிவாக இருப்பதை எடுத்துவிடுங்கள். மற்றக் கோழி உள்ளே போகாமல் வாசலுக்கு வலை போடுங்கள், இல்லாவிட்டால் புது முட்டையும் பழைய முட்டையும் கலந்துவிடும்.

பெட்டி எதையும் நிலத்தோடு அறைய வேண்டாம். வாவிக்கு மேற்கே உங்கள் படுவான்கரையில் மாரி எப்படியென்று சொல்ல வேண்டியதில்லை, 2011 தை வெள்ளத்தில் நிலத்தில் இருந்த கூடுகள் எல்லாம் போயின. வாளித் தட்டை இரண்டு பேர் தூக்கக்கூடிய கனத்தில் வைத்து, இரண்டு பக்கமும் கயிற்று வளையம் போட்டுவிடுங்கள். தண்ணீர் ஏறினால் கூரை வளையில் கொழுவலாம்.

பொரிக்கும் நாட்களில்தான் எறும்பு வரும். 20, 21ஆம் நாள் குஞ்சு தோட்டைக் கொத்தித் துளை போட்டதும் அந்த ஈர வாசனைக்கு எறும்பு வரிசை கட்டும். வெளியே வர முடியாத குஞ்சைத் தோட்டுக்குள் வைத்தே கடித்துக் கொன்றுவிடும். அடைப் பெட்டியை நாலு செங்கல்லின் மேல் தூக்கி, ஒவ்வொரு செங்கல்லையும் அதைவிட அகலமான, விளிம்புள்ள தகர மூடியில் நிறுத்தி, மூடியில் பழைய எண்ணெய் ஒரு விரற்கடை ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றினால் ஒரே நாளில் வற்றும், வற்றாவிட்டால் நுளம்பு. சாக்கின் ஓரமோ வைக்கோலோ நிலத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவே எறும்புக்குப் பாலம், சுற்றிவரப் பாருங்கள். குஞ்சு இறங்கியதும் அடை வைக்கோலை எரித்து, சாக்கைக் கொதிநீரில் போட்டெடுத்து, பெட்டியை இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகு அடுத்த கோழிக்குக் கொடுங்கள்.